சப்ரசருக்காகக் குட்டைக்குழல் ரைபிள் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

2026 ஜனவரி 1-லிருந்து அமெரிக்காவில் சப்ரசருக்கும் (குழல் முனையில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் குழாய்) குட்டைக்குழல் ரைபிளுக்கும் 200 டாலர் வரி கிடையாது. 1934-இல் போட்ட வரி, அதே தொகையில் இத்தனை வருடம் ஓடியது. அது போனதும் டெக்சஸ் ரேஞ்சுகளில் புதுமுகங்கள் கூடிவிட்டார்கள், நம் ஆட்களும் உண்டு. பாதிப் பேர் பண்ணை நிலத்தில் காட்டுப்பன்றி சுடப் போகிறவர்கள். ஒவ்வொருவர் கையிலும் இருப்பதைப் பார்க்கும்போது, நாங்கள் எல்லாம் தடுக்கி விழுந்த அதே குழியில் இவர்களும் வரிசையாக விழுவது தெரிகிறது.

விசையில் விரல் வைக்காதே, குழலை யார் பக்கமும் திருப்பாதே என்பதையெல்லாம் ரேஞ்சிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

வரி போனதால் எல்லாம் போய்விட்டது என்று நினைப்பது

பதிவு அப்படியே இருக்கிறது. கைரேகை, புகைப்படம், துப்பாக்கிகளைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப்பின் ஒப்புதல் எல்லாம் வேண்டும். கடையில் வாங்கினால் ஃபார்ம் 4, நீங்களே குட்டைக் குழல் மாட்டுவதானால் ஃபார்ம் 1. குழல் 16 அங்குலத்துக்குக் கீழே வந்தால் அது குட்டைக்குழல் ரைபிள், அவ்வளவுதான். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று ஒப்புதல் வருமுன் குட்டைக் குழலை வாங்கி வீட்டில் வைக்காதீர்கள். மாட்டாமல் வைத்திருந்தாலும் வழக்குக்கு இடமுண்டு. நியூஜெர்சி, நியூயார்க், கலிபோர்னியா, இல்லினாய் மாநிலங்களில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அங்கே பொதுமக்கள் சப்ரசர் வைத்திருக்க முடியாது.

எச்-1பி

இந்த விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பதுதான் பொது விதி. வேட்டை உரிமம் போன்ற விலக்குகளை நம்பி இறங்குமுன் வக்கீலைப் பாருங்கள்.

7.5 அங்குலக் குழலில் 5.56 தோட்டா

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். கடைச் சுவரில் பொம்மை மாதிரி தொங்கும், படத்திலும் நன்றாக விழும். "சப்ரசர் மாட்டினால் நீளமாகிவிடுமே, அதனால் குழலைக் குட்டையாக எடுத்தேன்" என்று விளக்கமும் வைத்திருப்பார்கள்.

5.56 மி.மீ. தோட்டா பெயர் வாங்கியது அமெரிக்க ராணுவத்தின் எம்16 ரைபிளின் 20 அங்குலக் குழலில். எம்4-இல் அது 14.5 ஆனது. அமெரிக்கக் கடற்படை புழங்கிய எம்கே18-இல் 10.3. குழல் குறையக் குறைய வேகமும் குறையும். 7.5-க்கு வரும்போது நொடிக்குப் பல நூறு அடி காணாமல் போயிருக்கும். அது போகட்டும். பெரிய சிக்கல், குண்டு வெளியே போகும் நேரத்தில் வெடிமருந்து இன்னும் எரிந்துகொண்டிருப்பது. ஆவி அடங்குமுன் குக்கர் மூடியைத் திறந்த கதைதான். அந்த அழுத்தம், நெருப்பு, எரியாத மருந்துத்தூள் மொத்தமும் சப்ரசருக்குள் இருக்கும் முதல் தகட்டில் போய் அடிக்கும்.

ஒரு தம்பி 7.5 அங்குல ரைபிளோடு எடை குறைவான டைட்டானியம் சப்ரசரை வாங்கியிருந்தார். "அண்ணா, இவ்வளவு காசு கொடுத்தும் சத்தம் ஏன் குறையவே இல்லை?" என்று கேட்டார். சாயங்கால வெளிச்சத்தில் சுட்டுக் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு வேட்டுக்கும் முனையிலிருந்து வெள்ளைப் பொறி பறந்தது. கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தோம். முதல் தகட்டின் துளை விளிம்பு அரித்து, சொரசொரவென்று இருந்தது. குட்டைக் குழலின் சூடும் தூளும் சேர்ந்தால் டைட்டானியம் இப்படித்தான் தேயும். கையேட்டில் 5.56-க்கு இத்தனை அங்குலத்துக்குக் குறைந்த குழல் கூடாது என்று அச்சடித்தே இருந்தது. விற்ற கடைக்காரர் வாயைத் திறக்கவில்லை, இவரும் கையேட்டைப் பிரிக்கவில்லை. வாரண்டி போச்சு. மற்ற சாமான் மாதிரி திருப்பிக் கொடுக்கவும் முடியாது. அது அவர் பெயரில் பதிவான பொருள், விற்க வேண்டுமென்றால் வாங்குகிறவர் மறுபடி விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். விலையும் பாதிக்கு வரும்.

இதில் கணக்கும் தப்பு. 7.5 அங்குலக் குழல், 7 அங்குல சப்ரசர், மொத்தம் 14.5. எம்4-இன் குழல் நீளம்தான். வேகத்தையும் காதையும் கொடுத்துவிட்டு அதே நீளத்தைத் தூக்கிக்கொண்டு அலைவானேன்? 10.5 அங்குலக் குழலில் 5.5 அங்குல சப்ரசர் போட்டால் 16 வரும். ஒன்றரை அங்குலம் கூடுதல், மற்ற எல்லாமே லாபம். 5.56 என்றால் 10.3-க்குக் கீழே போகாதீர்கள், 11.5 இன்னும் நல்லது. முதலில் சப்ரசரின் குறைந்தபட்சக் குழல் நீளத்தைப் படியுங்கள், அப்புறம் ரைபிளைத் தேடுங்கள்.

அதைவிடக் குட்டையாகத்தான் வேண்டுமா? சரி, தோட்டாவை மாற்றுங்கள். .300 பிளாக்அவுட் இதற்கென்றே வந்தது. 2011-இல் தரநிலை பெற்றது. வேகமாக எரியும் மருந்து என்பதால் 8, 9 அங்குலத்திலேயே வேலை முடிந்துவிடும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டும், தோட்டா அடுக்கும் மேகசினும் 5.56-க்கு உள்ளவையே, குழல் மட்டும்தான் வேறு. 200 கிரெயினுக்கு (குண்டின் எடை அலகு) மேற்பட்ட கனமான குண்டை ஒலியின் வேகத்துக்குக் கீழே, அதாவது நொடிக்குச் சுமார் 1,100 அடிக்குள் ஓட்டினால், காற்றைக் கிழிக்கும் 'படார்' சத்தமும் இருக்காது. 5.56-இல் எந்த சப்ரசர் போட்டாலும் அந்தச் சத்தம் போகாது. கனமான குண்டு நிலையாகச் சுழலக் குழலின் முறுக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அல்லது அதைவிட இறுக்கமாக இருக்கட்டும்.

இரண்டு தோட்டாவையும் ஒரே பையில் போடுவது

.300 பிளாக்அவுட் தோட்டா 5.56 ரைபிளுக்குள் போய் உட்கார்ந்துவிடக்கூடும். சுட்டால் ரைபிள் வெடிக்கும். மேகசினுக்கு வேறு நிறம், வேறு பை.

மரை பொருந்தினால் போதும் என்று மாட்டுவது

5.56 குழல் முனையில் வழக்கமாக அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 மரை. பல 9 மி.மீ. குழல்களிலும் அதே மரைதான்! 5.56 சப்ரசர் அதில் அழகாக ஏறும். ஆனால் குண்டு துளையைவிடப் பெரியது.

சரியான சப்ரசரே ஆனாலும் முதல் வேட்டுக்கு முன் நேர்க்கம்பி விட்டுப் பாருங்கள். குழலுக்குள் ஆடாமல் உட்காரும் நேரான எஃகுக் கம்பி, விலை கொஞ்சம்தான். ரைபிள் காலி என்று உறுதி செய்துகொண்டு, போல்ட்டைக் கழற்றிவிட்டு, முனையிலிருந்து பார்த்தால் துளையின் நடுவில் கம்பி நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி நின்றால் அந்தக் குழலில் மாட்டவே வேண்டாம், குண்டு தகட்டில் இடிக்கும்.

வாயுவை மறப்பது

வெடித்த வாயுவில் கொஞ்சத்தை எடுத்து போல்ட்டை இயக்கும் வாயுத்துளை, குட்டைக் குழலில் பெரிதாகவே இருக்கும். சப்ரசர் வேறு வந்து அடைத்தால் வாயு பின்னோக்கி வரும். போல்ட் தேவைக்கு மேல் வேகமாக அடிக்கும், ஒரு மேகசின் முடிவதற்குள் கண் எரிந்து தண்ணீர் வரும். இடதுகைக்காரர்களுக்கு இன்னும் மோசம். கூட்டிக் குறைக்கும் வாயுக்கட்டை போடுங்கள், இல்லையென்றால் போல்ட்டின் பின்னடியைத் தாங்கும் பஃபரைக் கனமானதாகப் போடுங்கள். வாயுவை முன்பக்கமாகவே வெளியேற்றும் சப்ரசர்களும் இப்போது கிடைக்கின்றன. சத்தம் கொஞ்சம் கூடும், கண் பிழைக்கும்.

காது

அடைப்பான் போடுங்கள். 5.56-இன் சத்தம் 165 டெசிபல் அளவு, சப்ரசர் குறைப்பது 25, 30. காது கெடும் எல்லை 140.

மாநிலம் தாண்டுவது

குட்டைக்குழல் ரைபிளோடு ஓக்லஹோமாவுக்குப் பன்றி வேட்டைக்குப் போவதானாலும் முன்கூட்டியே ஏடிஎஃப் அனுமதி வாங்க வேண்டும், ஃபார்ம் 5320.20. சப்ரசருக்கு அது வேண்டாம்.