கயாக்கில் கடல் மீன்பிடி: முதல்முறை இறங்குபவர்களுக்குக் கோவளத்திலிருந்து

கயாக்கில், அதாவது துடுப்புப் போட்டுப் போகும் குறுகலான சிறு படகில், மீன்பிடிக்க ஆசைப்படுபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த ராட், எந்த ரீல் என்றுதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் காற்று, அடுத்து அலை, அதற்கு அடுத்து எந்த மீனை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற கணக்கு. இந்த மூன்றையும் கரையிலேயே முடித்துவிட வேண்டும். கடலில் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் அங்கே ஆசைதான் முடிவெடுக்கும்.

நான் சொல்வதெல்லாம் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம், மாமல்லபுரம் பக்கத்துக் கடலை வைத்து. மன்னார் வளைகுடாவுக்கு இதை அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை.

படி 1: மாதம்

கற்றுக்கொள்ள நல்ல காலம் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. வாடைக் காற்று ஓய்ந்திருக்கும், காலைக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். அந்த மூன்று மாதமும் கயாக் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை விசைப்படகுகளுக்குத்தான், துடுப்புப் போடும் படகுக்கு இல்லை. ஆனாலும் பல மீன்கள் முட்டையிடும் காலம் என்பதால்தான் அந்தத் தடையே வந்தது. அந்த நாட்களில் நான் துடுப்பு மட்டும் போட்டுப் பழகுகிறேன், தூண்டில் எடுப்பதில்லை. நீங்களும் அப்படிச் செய்தால் மகிழ்வேன்.

படி 2: காற்று

புதிதாக வருபவர்கள் அலையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நம் கரையில் அதைவிட ஆபத்தானது கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று.

இரவில் நிலம் குளிர்ந்துவிடுவதால் விடியற்காலையில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். முற்பகலில் வெயில் ஏறியதும் திசை மாறிக் கடற்காற்று உள்ளே வரும். கட்டுமரத்தில் பாய் கட்டிப் போனவர்கள் இந்த இரண்டு காற்றையும் வைத்துத்தான் விடியலில் போய் மதியம் திரும்பினார்கள். ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து வரும் கச்சான் இந்த ஒழுங்கைக் கெடுத்துவிடும். தரைக்காற்று பலமாக நீடிக்கும், கடற்காற்று தாமதமாக வரும், சில நாள் வராமலே போகும்.

ஒரு ஜூன் மாதக் காலை, ஆறு மணி. கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. துடுப்பு போடப் போட வழுக்கிக்கொண்டு போனேன். தூண்டிலில் கவனம் வைத்து நிமிர்ந்தபோது மணலில் ஏற்றி வைத்த படகுகள் புள்ளிகளாகத் தெரிந்தன. திரும்பிப் போட்ட துடுப்புக்குக் கயாக் நகரவே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் மல்லுக்கட்டிய பிறகு, வலை இழுத்துவிட்டு வந்த ஒரு ஃபைபர் படகுக்காரர் கயிறு வீசினார். கரைக்கு வந்ததும் அவர் சொன்னது: "காத்து கடலுக்குத் தள்ளும்போது கரையில தண்ணி ஆடாது தம்பி. அதப் பாத்து எறங்கிடாத."

அதனால் இப்படிச் செய்யுங்கள். தென்னை ஓலைகள் கடல் பக்கம் சாய்ந்து ஓயாமல் ஆடினால் இறங்காதீர்கள். முன்னறிவிப்பில் காற்று 8 நாட் (knot) வேகத்துக்கு மேல், அதாவது மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டருக்கு மேல் காட்டினாலும் வேண்டாம். இறங்கிய நாளில் 200 மீட்டர் போனதும் துடுப்பை மடியில் வைத்து ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கரையில் ஒரு தென்னையையும் அதன் பின்னால் ஒரு கட்டடத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பாருங்கள். அந்தக் கோடு எவ்வளவு வேகமாக விலகுகிறதோ, அவ்வளவு வேகமாக நீரோட்டம் உங்களை வடக்கிலோ தெற்கிலோ இழுக்கிறது. கரை தள்ளிப்போவது போல் தெரிந்தால் அப்போதே திரும்பிவிடுங்கள். முதல் ஆறு மாதம் கரையிலிருந்து அரைக் கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம்.

படி 3: அலை

ஹைதராபாத்தில் உள்ள இன்கோயிஸ் நிறுவனம் கடல்நிலை முன்னறிவிப்பை இணையத்தில் வெளியிடுகிறது. அதில் அலையின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எத்தனை நொடி என்பதையும் பாருங்கள். அரை மீட்டர் அலை ஆறேழு நொடிக்கு ஒருமுறை வந்தால் சமாளிக்கலாம். அதே அரை மீட்டர் 15 நொடி இடைவெளியில் வந்தால் அது தொலைதூரத்துப் புயல் கிளப்பிய அலை. ஆழம் குறையும் இடத்தில் எழும்பி மொத்தமாக உடையும். இங்கே காற்றே இல்லாதபோது கடல் பொங்கிக் கரையேறுவதைக் கேரள மீனவர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். அதற்கும் இன்கோயிஸ் எச்சரிக்கை விடுகிறது. எச்சரிக்கை இருந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம்.

கரையில் நின்று இருபது நிமிடம் அலையை எண்ணுங்கள். பெரிய அலைகள் சேர்ந்தாற்போல் வந்துவிட்டுச் சற்று ஓயும். அந்த ஓய்விலேயே உள்ளே போகவேண்டும். கயாக்கின் மூக்கு எப்போதும் அலைக்கு நேராக இருக்கட்டும், பக்கவாட்டில் காட்டினால் கவிழ்த்துவிடும். திரும்பும்போது அலையின் முதுகிலேயே வாருங்கள். கவிழ்ந்தால் கயாக்குக்கும் கரைக்கும் நடுவே நிற்காதீர்கள். தண்ணீர் ஏறிய கயாக்கை அடுத்த அலை உங்கள் மேல் தள்ளினால் எலும்பு முறியும்.

படி 4: சாமான்

மேலே உட்காரும் வகைக் கயாக், உடுத்திய லைஃப் ஜாக்கெட் (கயாக்கில் கட்டி வைத்தது கணக்கில்லை), துடுப்பைக் கட்டும் கயிறு, விசில், நீர்புகாத உறையில் போன், இரண்டு லிட்டர் தண்ணீர், தங்கூஸ் (நைலான் தூண்டில் நரம்பு) அறுக்க ஒரு கத்தி. கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 இரண்டையும் போனில் பதிந்துகொள்ளுங்கள். ராட் ஏழடிக்குள் நடுத்தரமானது ஒன்று போதும்.

படி 5: ஊரில் கேட்பது

நீங்கள் இறங்கும் மணல் ஒரு மீனவர் ஊரின் வாசல். முதல் நாள் கயாக் இல்லாமல் போய் வலை சரிசெய்துகொண்டிருக்கும் பெரியவர்களிடம் பேசுங்கள். இன்று நீரோட்டம் எப்படி, வலை எந்தப் பக்கம் கிடக்கிறது, எங்கே இறங்கலாம் என்று கேளுங்கள். எந்த ஆப்பும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். மிதவையோ கொடியோ தெரிந்தால் அடியில் வலை இருக்கிறது. அதன் அருகே தூண்டில் போடாதீர்கள். பிடித்த மீனை விற்கவும் வேண்டாம். நமக்கு அது ஒரு காலைப் பொழுது, அவர்களுக்குப் பிழைப்பு.

படி 6: தூண்டில்

முதல் மூன்று முறை ராட் இல்லாமல் போய்க் கவிழ்ந்து ஏறப் பழகுங்கள். நான்காவது முறை, அடியில் பாறை உள்ள பார் எங்கே என்று தெரிந்துகொண்டு அதன் ஓரமாக மெல்லப் போங்கள். சிறிய லூரை (செயற்கை இரையை)ப் பின்னால் விட்டு இழுத்தால் சீலா மீனோ பாறை மீனோ கடிக்கும். அடியில் இரை வைத்தால் சங்கராவோ கலவாவோ வரலாம். வட்டத் தூண்டில் முள்ளையே (சர்க்கிள் ஹூக்) போடுங்கள். அது பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும், தொண்டைக்குள் போகாது. முள்ளின் எதிர்க்கூரைக் குறட்டால் நசுக்கிவிட்டால் மீனை விடுவதும் எளிது, உங்கள் விரலில் ஏறினாலும் எடுப்பது எளிது. கெளுத்தி வந்தால் கையால் பிடிக்காதீர்கள், அதன் உடம்பிலுள்ள முள்ளில் நஞ்சு உண்டு. கடல்பாம்பு மாட்டினால் தங்கூஸை அறுத்துவிடுங்கள்.

படி 7: அளந்து பார்ப்பது

இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவை எழுதத் தொடங்கினேன்.

கரையோர மீன் குறைந்துவிட்டது என்று எந்த ஊர்ப் பெரியவரும் சொல்வார். கேரளத்தில் அதற்குக் கணக்கே இருக்கிறது. கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2012-இல் நான்கு லட்சம் டன்னை நெருங்கிய மத்தி, 2021-இல் 3,297 டன்னுக்கு விழுந்தது. கடல் சூழல் மாறியது ஒரு காரணம், குஞ்சு மீனை அள்ளியது இன்னொன்று. அடிமட்டத்தை வழித்துக்கொண்டு போகும் இழுவலையில் வரும் குஞ்சுகள் கோழித்தீவனத்துக்குப் போகின்றன. மீன்குஞ்சு வளரும் முகத்துவாரங்களை மணலும் சாக்கடையும் அடைக்கின்றன. கேரளம் மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ. என்று பிடிக்கக்கூடிய குறைந்த அளவைச் சட்டமாகவே வைத்திருக்கிறது.

ஒரு கயாக் பிடிக்கும் மீனால் கடல் காலியாகாது என்பது உண்மைதான். ஆனால் நாம் போவது விசைப்படகு வராத கரையோரப் பார்களுக்கு, அங்கே மிஞ்சியிருக்கும் சில பெரிய மீன்களைத் தேடி. ஒரே பாருக்கு வாரம்தோறும் பத்துப் பேர் போனால் அது தாங்காது.

கயாக்கின் ஓரத்தில் ஓர் அளவுகோலை ஒட்டிக்கொள்ளுங்கள். வஞ்சிரம் முக்கால் மீட்டரை நெருங்கும்போதுதான் முட்டையிடும் பருவத்துக்கு வரும்; அதற்குக் கீழே இருந்தால் விட்டுவிடுங்கள். கலவா பெண்ணாகப் பிறந்து, பெரிதானபின் சில ஆணாக மாறும். பெரியதையெல்லாம் எடுத்துவிட்டால் அந்தப் பாரில் ஆண் மிஞ்சாது. கொடுவா இதற்கு நேரெதிர்: முதலில் ஆண், வளர்ந்தபின் பெண். முகத்துவாரத்தில் பத்துக் கிலோ கொடுவா வந்தால் அது பெரும்பாலும் முட்டைத் தாய். ஆகவே இவை இரண்டிலும் நடுத்தர அளவில் ஒன்றை மட்டும் எடுக்கிறேன், பெரியதை விட்டுவிடுகிறேன்.

விடும் மீனைக் கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். காய்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும். ஆழத்திலிருந்து ஏற்றிய மீனின் வயிறு உப்பி இரைப்பை வாய்க்கு வந்திருந்தால் விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. அதை எடுத்துக்கொண்டு, அன்றைக்கு அடித்தூண்டிலை நிறுத்திவிடுங்கள்.

படி 8: கரையேறிய பிறகு

ரீலை நல்ல தண்ணீரில் அலசுங்கள். நோட்டில் தேதி, காற்றின் திசை, தண்ணீரின் நிறம், என்ன மீன், எத்தனை செ.மீ., விட்டதா எடுத்ததா என்று எழுதுங்கள். ஒன்றும் கடிக்காத நாளையும் எழுதுங்கள். என் நோட்டில் அந்த நாட்கள்தான் இப்போது அதிகம். பிறகு கயாக்கின் அடைப்பானைத் திறந்து சாய்த்துப் பாருங்கள். ஒரு தம்ளருக்கு மேல் தண்ணீர் வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து அடைக்கும்வரை அடுத்த முறை இறங்காதீர்கள்.