கட்டை அசையும் கீபோர்டுக்குக் காத்திருக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். கட்டைகள் பக்கவாட்டிலும் அசையும் ஆஸ்மோஸ் கீபோர்டின் அறிமுக வீடியோவைப் பார்த்த ஜோரில், வைத்திருந்த 61 கட்டை கீபோர்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். புதுசு எப்படியும் சில மாதத்தில் வந்துவிடும் என்று கணக்கு. பிரான்சைச் சேர்ந்த எக்ஸ்பிரசிவ் ஈ நிறுவனம் அதை அறிவித்தது 2019 கடைசியில். அடுத்த ஆண்டே வரும் என்றார்கள். நடுவில் கொரோனா, உதிரிபாகத் தட்டுப்பாடு. பரவலாக ஆட்கள் கையில் அது கிடைத்தபோது 2023 ஆகிவிட்டது. அதுவரை லேப்டாப் விசைப்பலகையில் சுரம் தட்டிக்கொண்டிருந்தவன் எழுதுவது இது.

ஆகவே, எந்தப் புது மாடல் அறிவிப்பு வந்தாலும் பழைய கீபோர்டை விற்காதீர்கள். முன்பணம் கட்டுவதானால் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். இந்த வகைக் கருவிகளைச் செய்பவை பெரும்பாலும் சின்ன நிறுவனங்கள். சீபோர்டு என்ற ரப்பர் மாதிரியான கீபோர்டைச் செய்த ரோலியே 2021இல் நொடித்துப்போய் வேறு பெயரில் எழ வேண்டியிருந்தது.

சரி, இதில் அப்படி என்ன விசேஷம்? சாதாரண கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தியதோடு அந்தச் சுரத்துக்கும் விரலுக்கும் உறவு முடிந்துவிடும். இதில் முடியாது. சீபோர்டில் விரல் செய்யும் ஐந்து காரியங்கள் கணக்கில் வரும்: தட்டும் வேகம், அமுக்கம், பக்கவாட்டுச் சறுக்கல், முன்பின் நகர்த்தல், விரலை எடுக்கும் வேகம். ஆஸ்மோஸில் பியானோ மாதிரி 49 கட்டைகள்தான். ஆனால் ஒவ்வொரு கட்டையும் இடமும் வலமும் அசையும், அடி தட்டிய பிறகும் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும்.

'என் கீபோர்டிலும் ஆஃப்டர்டச் இருக்கிறதே' என்று இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். தட்டிய கட்டையை மேலும் அமுக்கினால் ஒலி மாறும் வசதிதான் ஆஃப்டர்டச். வழக்கமான ஆஃப்டர்டச்சில் ஒரு விரலை அமுக்கினாலும் பிடித்திருக்கும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மொத்தமும் அதிரும். பாலிஃபோனிக் ஆஃப்டர்டச்சில் அமுக்கிய சுரம் மட்டும் மாறும். எழுபதுகளின் யமஹா சிஎஸ்-80இலேயே அது உண்டு. அதிலும் சுருதி வளைவு, அதாவது சுரத்தை மேலோ கீழோ வழுக்குவது, எல்லாச் சுரத்துக்கும் பொதுதான். அதையும் விரலுக்கு விரல் பிரித்துக் கொடுப்பது எம்பிஇ (மிடி பாலிஃபோனிக் எக்ஸ்பிரஷன்). மிடி என்பது இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் பொது மொழி; அதை நிர்வகிக்கும் சங்கம் 2018இல் எம்பிஇயை அங்கீகரித்தது. மிடியின் 16 சேனல்களில் ஒன்றைப் பொதுவுக்கு வைத்துக்கொண்டு, மீதி 15ஐயும் சுரத்துக்கு ஒன்றாகப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு அது. கடைக்காரர் ஆஃப்டர்டச் என்று சொன்னால் எந்த ஆஃப்டர்டச் என்று கேளுங்கள்.

அடுத்தது மென்பொருள். ஆஸ்மோஸுக்குள் சொந்தமாகவே ஒலி எந்திரம் இருக்கிறது. ஆனால் கணினியில் ஏற்கெனவே இருக்கும் புல்லாங்குழல், வயலின் பிளக்இன்களெல்லாம் (ஒலி தரும் மென்பொருள்கள்) இதோடு உயிர்பெற்றுவிடும் என்று நம்புவது வீண். எம்பிஇ தெரியாத பிளக்இன்னில் ஒரு விரலை அசைத்தால் கார்டே சேர்ந்து வழுக்கும். இசையமைப்பு மென்பொருளான ஏபில்டன் லைவ்கூட 11ஆம் பதிப்பில்தான், அதாவது 2021இல்தான், இதை ஏற்றது. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு கருவியைத் திட்டாதீர்கள்.

எம்பிஇ தெரிந்த பிளக்இன்னிலும் ஒரு சிக்கல் வரும். வளைவு வரம்பு, அதாவது சுரம் அதிகபட்சம் எவ்வளவு வளையலாம் என்ற எண், கருவி, பிளக்இன் இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். எம்பிஇ கருவிகள் வழக்கமாக 48 அரைச்சுரம் என்று அனுப்பும். பிளக்இன்னில் பழைய பழக்கப்படி 2 என்று இருந்தால், சீபோர்டில் ஸ-விலிருந்து ப வரை விரலை இழுத்தாலும் ஒலி அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஏறாது. தலைகீழாக இருந்தால் விரல் லேசாக ஆடினதற்கே சுரம் மேல் ஸ்தாயிக்குப் பறந்துவிடும். 'கருவி கெட்டுப்போச்சு' என்று வரும் புலம்பல்களில் பாதி இந்த ஓர் எண்தான் என்பது என் அனுபவம்.

நம் ஆட்கள் இதற்கு ஏங்குவதே கமகத்துக்காகத்தான். ஏ.ஆர்.ரஹ்மான் மேடையில் கான்டினியூம் என்ற கட்டையில்லாத, விரலைச் சறுக்கி வாசிக்கும் கருவியை வாசிப்பதைப் பார்த்தவர்களுக்கு வேறு காரணம் சொல்ல வேண்டியதில்லை. கட்டையை ஆட்டினால் கமகம் வந்துவிடும் என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. ஆட்டினால் வருவது வைப்ரேட்டோ, சினிமாப் பாட்டு வயலின் மாதிரி. தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ரி-க்கும் ம-வுக்கும் நடுவே ஊசலாடுவது. க கட்டையைப் பிடித்துக்கொண்டு இருபக்கமும் சமமாக ஆட்டினால் காதுக்குத் தோடியாகவே படாது. வீணைக்காரர்கள் கீழ்ச் சுரத்தின் மெட்டில் தந்தியை இழுத்து மேலே போய்த் திரும்புகிறார்கள். அதே மாதிரி ரி-யைப் பிடித்து ஒரே பக்கமாகத் தள்ளிப் பாருங்கள், கொஞ்சம் நெருங்கி வரும். அப்போதுதான் இன்னொன்று தெரியும்: கட்டை பக்கவாட்டில் நகரும் தூரம் மிகக் குறைவு. ம வரை எட்டட்டும் என்று வரம்பைக் கூட்டினால், விரலின் சின்ன நடுக்கமும் அபசுரமாகக் கேட்கும். குறைத்தால் ம எட்டாது. எங்கே நிறுத்துவது என்பதை உங்கள் கைதான் சொல்லும், அதற்குச் சில வாரங்களாவது ஆகும். இந்த அசைவுகள் முதலில் வாயில் வர வேண்டும் என்பது என் பிடிவாதம். பாட வராத கமகம் எனக்கு விரலிலும் வந்ததில்லை. காத்திருக்கும் மாதங்களில் இதைச் செய்யலாம், செலவே கிடையாது.

பியானோ கற்றவர்களுக்கு வேறு தொல்லை. அவர்கள் கட்டையைத் தட்டிவிட்டு விரலை எடுத்துவிடுவார்கள். இங்கே பல ஒலிகள் தட்டினால் பேசாது. வில் போடுவதுபோல மெல்ல அமுக்கத் தொடங்கினால்தான் கிளம்பும். என் நண்பர், நன்றாகவே வாசிப்பவர், முதல் நாள் அரை மணி நேரம் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு 'சத்தமே வரலையே' என்றார். ஒலியின் அளவில் தப்பே இல்லை, கைதான் வேகம்.

அப்புறம் பேட்ச்கள், அதாவது கருவியில் தயாராக வரும் ஒலிகள். நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒன்றுக்குப் பத்து விநாடி என்று தாவிக்கொண்டே போனால் எதுவும் பிடிபடாது, ஏனென்றால் ஒவ்வொன்றும் அமுக்கத்துக்கு ஒரு விதமாகப் பதில் சொல்லும். முதல் வாரம் ஒரே பேட்ச், அதிலும் ஒற்றைச் சுரம் நீட்டிப் பிடிப்பது போதும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் விலையை மட்டும் பார்த்துவிட்டுச் சுங்கவரி, ஜிஎஸ்டி, கூரியர்காரர் போடும் கையாளும் கட்டணம் ஆகியவற்றை மறந்துவிடுகிறார்கள். பெட்டி வாசலுக்கு வந்த பிறகு கையில் பணமில்லாமல் விழிக்க வேண்டாம். பழுதானால் எங்கே அனுப்புவது, போகவரச் செலவு யாருடையது என்பதையும் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.