ஆயில் பேனுக்குள் கிடந்த கருப்புத் துணுக்குகள்

இன்ஜின் சூடேறி சிக்னலில் நின்றால் போதும், ஆயில் விளக்கு மினுக்மினுக்கென்று எரியும். ஆக்சிலேட்டரைத் தொட்டதும் அணைந்துவிடும். ஆயில் அளவு சரி. ஆயில் அழுத்தம் குறைந்தால் விளக்கை எரியவிடும் பிரஷர் சுவிட்சை மாற்றியும் அதே கதை. அதற்குமேல் ஓட்ட மனம் வரவில்லை.

இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பேனைக் கழற்றியதும் வயிறு கலங்கிவிட்டது. ஆயிலை உறிஞ்சும் குழாயின் வலையில் பாதிக்குமேல் கருப்புத் துணுக்குகள் அப்பியிருந்தன. நகத்தால் கிள்ளினால் ரப்பர் மாதிரி நெகிழ்ந்தது. காந்தத்தில் ஒட்டவில்லை. ஆனால் இன்ஜின் பேரிங் தேய்ந்து உதிரும் தூளும் காந்தத்தில் ஒட்டாதே! பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்து வெயிலில் பார்த்தேன். பேரிங் தேய்மானத்தைக் காட்டும் செம்பு மினுமினுப்பு இல்லை. அப்போதுதான் உயிர் வந்தது. முன்பு பேனை ஒட்டியவர் கசிவைத் தடுக்கும் சிலிக்கோன் பேஸ்ட்டை அள்ளிப் பூசியிருக்கிறார். உள்ளே பிதுங்கியது உதிர்ந்திருக்கிறது.

வலையை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவிக் காற்றடித்தேன். பழைய பேஸ்ட்டைப் பிளாஸ்டிக் தகட்டால்தான் சுரண்ட வேண்டும். அலுமினிய விளிம்பில் கீறல் விழுந்தால் கசியும். புதுப் பேஸ்ட் 3 மி.மீ. இழையாக மட்டும். ஓர் இரவு காயவிட்டு, புது ஃபில்டர் போட்டு, ஆயில் ஊற்றினேன்.

விளக்கு எரியவில்லை. 500 கி.மீ. கழித்து மறுபடி வடித்தபோது இன்னும் இரண்டு துணுக்குகள் வந்தன.