பிக்கப்பில் பாரமான மோட்டார் சைக்கிள்: நாம் விடும் பிழைகள்

சில வருடங்களுக்கு முன் கொடிகாமத்தில் வாங்கிய ஓர் என்ஃபீல்டைக் கொக்குவிலுக்குக் கொண்டுவந்தோம். பிக்கப் ஓட்டிய அண்ணர், "ஸ்டாண்ட் இருக்கிறதுதானே தம்பி, இரண்டு பக்கமும் கயிறு போட்டால் போதும்" என்றார். நானும் தலையாட்டினேன். கைதடிப் பக்கம் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பின்னால் 'டொம்' என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் கயிறு அறவில்லை, முடிச்சும் அவிழவில்லை. மோட்டார் சைக்கிள்தான் தகரத்தில் சாய்ந்து கிடந்தது. பெற்றோல் தாங்கியில் கைமுட்டி அளவுக்கு ஒரு நெளிவு.

பாரமான வண்டி அசையாது என்று நினைப்பதுதான் எல்லாப் பிழைக்கும் தாய்ப் பிழை. பள்ளத்தில் விழும்போது வண்டியின் அதிர்வுதாங்கியான சொக் அமுங்குகிறது. அமுங்கிய அந்தக் கணத்தில், அதுவரை விறைப்பாக இருந்த கயிறு தொய்ந்துவிடுகிறது. சைட் ஸ்டாண்டில் ஏற்கெனவே ஒரு பக்கம் சரிந்து நிற்கும் வண்டிக்கு அந்தத் தொய்வு போதும். ஸ்டாண்டும் அத்தனை குலுக்கலைத் தாங்கச் செய்யப்பட்டதன்று, மெல்ல வளைந்துகொடுக்கும்.

எனவே ஸ்டாண்டை மடித்துவிட்டு வண்டியை நிமிர்த்தி நிறுத்துங்கள். முன்சக்கரம் பின்தட்டின் முன்சுவரில் முட்டி நிற்கட்டும். ஹாண்டிலுக்குக் கீழே, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் தடித்த இரும்பிலிருந்து இரண்டு பக்கமும் முன்னோக்கிக் கீழே இழுத்துக் கட்ட வேண்டும். இழுக்க இழுக்க முன் சொக் அமுங்கும். பாதியளவு அமுங்கியதும் நிறுத்திவிடுங்கள். இப்போது சொக்கே கயிற்றை விறைப்பாக வைத்திருக்கும். முழுவதும் அமுக்கிக் கட்டினால் ஃபோர்க்கின் எண்ணெய் சீல் கசியத் தொடங்கலாம். பின்பக்கத்துக்கும் இரண்டு கட்டு வேண்டும். அவை பின்பகுதி துள்ளிப் பக்கவாட்டில் நகராமல் பார்த்துக்கொள்ளும்.

ஹாண்டில் நுனி, கண்ணாடி, சிக்னல் விளக்கு, சைலன்சர் ஆகியவற்றில் கட்டுபவர்கள் வீட்டுக்கு வந்ததும் எதை மாற்ற வேண்டும் என்று கணக்குப் பார்ப்பார்கள். நைலோன் கயிறு இழுபடும். கிணற்றடியில் அதைப் பழகியவர்களுக்கு இது தெரியும். ராட்செட் பூட்டுள்ள பட்டி நான்கு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பட்டி பெயின்ரில் உரசும் இடத்தில் பழைய சாரத்துண்டு ஒன்றை மடித்து வையுங்கள்.

அடுத்தது நீளம். என்ஃபீல்ட் கிளாசிக் 350 மாதிரி வண்டி 195 கிலோ. நீளம் இரண்டு மீற்றருக்கு மேல். இரண்டு வரிசை ஆசனமுள்ள டபிள் கப் பிக்கப்பின் பின்தட்டோ ஐந்தடிதான். நேராக ஏற்றினால் பின்சக்கரம் திறந்த பின்கதவின்மேல் வந்து நிற்கும். அந்தப் பாரத்தை இரண்டு கம்பிகள் தாங்க வேண்டும். மூலைவிட்டமாக நிறுத்தினால் ஓரளவு சமாளிக்கலாம். இந்த வேலைக்கு டபிள் கப்பைவிடப் பட்டா என்கிற சின்ன லொறியே மேல் என்பது என் கட்சி. தட்டு ஏழடிக்குக் கிட்ட வரும், உயரமும் குறைவு.

உயரம் என்றதும் பலகை. பின்தட்டு 85 சென்ரிமீற்றர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டடிப் பலகையில் 195 கிலோ வண்டியைத் தள்ள ஏறக்குறைய 70 கிலோ விசை போதும். ஐந்தடிப் பலகை என்றால் 110 கிலோ. அதோடு, ஏறி முடியும் விளிம்பில் வண்டியின் அடிவயிறும் தட்டும். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கிடக்கும் பனஞ்சலாகையை, அதாவது பனைமரச் சட்டத்தை, எடுத்துச் சாய்ப்பவர்கள் உண்டு. பாரம் தாங்கும்தான், ஆனால் ஒடுக்கம், வழுக்கும். இரண்டு மூன்றைச் சேர்த்து அறைந்தால் பாவிக்கலாம். எந்தப் பலகையானாலும் மேல் முனையைப் பிக்கப்போடு கட்டாமல் விடக்கூடாது. முன்சக்கரம் மேலே போய்ப் பின்சக்கரம் பலகையை உதைக்கும்போது கட்டாத பலகை பின்னால் வழுக்கி விழும். மேடு பார்த்துப் பின்பக்கத்தை அணைத்தால் வேலை இலகு. ஆனால் கீரிமலையின் பெயரில் மட்டும் மலை இருக்கிற யாழ்ப்பாணக் குடாநாட்டில் மேட்டுக்கு எங்கே போவது? பிக்கப்பின் பின்சக்கரங்களை ஒழுங்கையோரப் பள்ளத்தில் இறக்கி நிறுத்தினால் அரையடி மிச்சம்.

ஏறி உட்கார்ந்து ஓட்டி ஏற்றும் வீரத்தை இளைஞர்கள் விட்டுவிட வேண்டும். முதல் கியரில், கிளட்சை அளந்து விட்டு, பக்கத்தில் நடந்தே ஏற்றலாம். நடப்பவர் கால் வைத்து ஏற இன்னொரு பலகையோ கல்லோ வேண்டும். அதை மறந்தவர் பாதி வழியில் வண்டியைப் பிடித்தபடி அந்தரத்தில் நிற்பார்.

பழைய காபரேற்றர் வண்டி என்றால் பெற்றோல் குழாயை மூடுங்கள். வண்டியின் பத்திரங்களைக் கையில் வையுங்கள். படங்கு போட்டு மூடாதீர்கள். பண்ணைப் பாலத்தில் சோளகக் காற்று அடிக்கும்போது அது கப்பல் பாயாகி வண்டியையே இழுக்கும். பிடித்துக்கொள்ளட்டும் என்று ஒரு பொடியனைப் பின்தட்டில் ஏற்றுவது எல்லாவற்றிலும் மோசம்: வண்டி சரிந்தால் அவன்மேல்தான் சரியும். பத்துக் கிலோமீற்றர் போனதும் நிறுத்தி, பட்டிகளைத் தொட்டுப் பாருங்கள், ஒன்றாவது தளர்ந்திருக்கும்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் எல்லோருக்கும் அவசரம். வண்டியை ஒருவர் பிடிக்கும் முன்பே நாலு பட்டியையும் கழற்றிவிடுகிறார்கள். இறக்கும்போது முன் பிரேக்கை நம்புகிறார்கள். சரிவில் பாரத்தின் பெரும்பகுதி பின்சக்கரத்தில் இருப்பதால் பூட்டிய முன்சக்கரம் சும்மா வழுக்கிக்கொண்டு வரும். எஞ்சினை நிறுத்தி, முதல் கியரில் போட்டு, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து விடுங்கள். கிளட்சை விட்டால் பின்சக்கரம் நிற்கும், பிடித்தால் உருளும். "நான் கீழே நின்று தாங்குகிறேன்" என்று பின்சக்கரத்துக்கு நேரே நிற்கும் மாமாவை முதலில் விறாந்தைக்கு அனுப்பிவிடுங்கள்.