ஜேமீட்டர் ரிசல்ட்டை கால்க்கில் பிரித்துப் பார்ப்போம்

ஜேமீட்டர் என்பது, ஒரே நேரத்தில் நிறையப் பேர் வந்தால் சர்வர் தாங்குமா என்று கோரிக்கைகளை அனுப்பிப் பார்க்கிற (லோட் டெஸ்ட்) மென்பொருள். டெஸ்ட் ஓடி முடிந்ததும் அது ஒரு ஜேடிஎல் ஃபைலைக் கையில் கொடுத்துவிடும். பெயர்தான் புதுசு, உள்ளே இருப்பது சாதாரண சிஎஸ்வி (கமாவால் பிரித்த அட்டவணை). லிப்ரேஆபிஸின் கால்க் என்ற விரிதாளில் திறந்து, பிரிப்பானாகக் கமாவைத் தேர்ந்தெடுங்கள். 1048576 வரிக்கு மேல் போனால் மிச்சம் ஏறாது, அதனால் சின்ன டெஸ்டில் பழகுங்கள்.

நமக்கு இப்போதைக்கு நாலு நெடுவரிசை போதும்: ஏ டைம்ஸ்டாம்ப், பி எலாப்ஸ்ட் (பதில் முழுசாக வந்து சேர எடுத்த மில்லிசெகண்ட்), சி லேபிள் (கோரிக்கையின் பெயர்), எச் சக்சஸ் (கோரிக்கை சரியாக முடிந்ததா என்பது; இல்லையென்றால் ஃபால்ஸ்).

ஏ-யில் உள்ள 13 இலக்க எண், 1970 ஜனவரி 1 முதல் ஓடிய மில்லிசெகண்ட். வெறுமையாக இருக்கும் ஆர் நெடுவரிசையில் =ஏ2/86400000+25569+5.5/24 என்று போட்டு (செல் பெயரை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்), தேதி-நேர வடிவத்துக்கு மாற்றினால் நம் நேரம் வந்துவிடும். 5.5 இலங்கைக்கானது.

அப்புறம் எச்-சில் ஃபில்டர் போட்டு ஃபால்ஸ் வரிகளைத் தனி ஷீட்டுக்கு எடுத்துவிடுங்கள். இதை நான் முதல் தடவை செய்யாமல் விட்டேன். சர்வர் திணறும்போது 'முடியாது' என்று சட்டென்று கைவிரிக்கிற பதில்கள் சில மில்லிசெகண்டில் வந்து விழும், அதையும் கூட்டியதில் சராசரி அழகாகக் குறைந்து, நானும் சர்வர் நன்றாக ஓடுகிறது என்று ஹட்டனில் உட்கார்ந்து சந்தோஷப்பட்டேன்.

சுத்தமான வரிகளிலும் சராசரியை நம்பாதீர்கள். ஒன்பது பேருக்கு 200 மில்லிசெகண்ட், ஒருவருக்கு 8000 என்றால் சராசரி 980. அந்த 980-ஐ அனுபவித்தவர் யாருமே இல்லை! தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை மலை முழுவதற்கும் சராசரி போட்டால் ஒருவருக்கும் அரைப்பேர் (கொழுந்து குறைந்தால் போடும் அரைநாள் சம்பளம்) விழாது. கொழுந்தை ஆள் ஆளாக நிறுத்தால்தான் யாருக்குக் குறைகிறது என்று தெரியும். ஆகவே பெர்சென்டைல் ஃபங்ஷனில் பி நெடுவரிசையையும் 0.95-ஐயும் கொடுங்கள். 2400 வந்தால், நூற்றுக்கு 95 கோரிக்கைகள் 2.4 செகண்டுக்குள் முடிந்தன என்று அர்த்தம். லேபிள் வாரியாகப் பிரித்துச் செய்தால் எந்த வெப் பக்கம் இழுக்கிறது என்பது தெரியும்.

கடைசியாக க்யூ நெடுவரிசையில் கனெக்ட், அதாவது சர்வரோடு இணைய எடுத்த நேரம். மழை நாளில் டாங்கிள் (மொபைல் சிக்னலில் இன்டர்நெட் தரும் யூஎஸ்பி கருவி) போட்டு ஓட்டினால் இது ஏறும். எலாப்ஸ்டில் பெரும்பங்கு கனெக்டாகவே இருந்தால் சர்வரைத் திட்டாமல், சிக்னல் உள்ள இடத்தில் திரும்ப ஓட்டுங்கள்.