செஸ் நிரலுக்குப் பிராசசர் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

வேலூரில் பிள்ளைகளைச் செஸ் போட்டிகளுக்கு அனுப்பும் பெற்றோர் பலர், கம்ப்யூட்டர் கடையில் முதலில் கேட்பது "(இன்டெல்) ஐ7 இருக்கிறதா?" என்றுதான். பணம் வீணாவது அங்கேதான் தொடங்குகிறது. லேப்டாப்புக்கான பழைய ஐ7-7500யு-வில் இருப்பவை இரண்டே கோர்கள் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்). 12-ஆம் தலைமுறை ஐ5-12400-இல் ஆறு. ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் நிரல் கிடைக்கிற கோர்கள் அத்தனையிலும் வேலை வாங்கக்கூடியது; அந்த ஐ5-இன் பக்கத்தில்கூட இந்த ஐ7 நிற்காது. தலைமுறை வேறானால் கிகாஹெர்ட்ஸை ஒப்பிடுவதிலும் பயனில்லை.

பார்க்க வேண்டியது, நொடிக்கு எத்தனை காய் நிலைகளை நிரல் அலசுகிறது என்பதையே. ஸ்டாக்ஃபிஷில் 'பெஞ்ச்' என்ற கட்டளை அதைக் காட்டிவிடும். ஆனால் எதுவும் சொல்லாவிட்டால் அது ஒரே த்ரெட்டில்தான் (ஒரு நேரத்தில் ஓடும் ஒரு வேலைச் சரடில்தான்) ஓடும். த்ரெட் எண்ணிக்கையையும் சேர்த்துக் கொடுங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு தவறு உண்டு: வெயிலைக் கணக்கில் எடுக்காமல் மெல்லிய லேப்டாப் வாங்குவது. செஸ் நிரல் மணிக்கணக்கில் பிராசசரை முழு வேகத்தில் ஓட்டுகிறது. 15 வாட் அளவுக்கு வடிவமைத்த பிராசசர் முதல் நிமிடம் பாய்ந்து ஓடும். சூடேறியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில், 40 டிகிரியைத் தாண்டும் மதியத்தில், சத்துவாச்சாரியில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாங்குமுன் அரை மணி நேரம் அலசலை ஓடவிட்டு, தொடக்கத்தில் வந்த எண்ணையும் கடைசியில் வரும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி எண்தான் உண்மையான வேகம். அதே விலைக்கு நல்ல கூலர் வைத்த டெஸ்க்டாப் கிடைத்தால் நான் அதையே சொல்வேன்.

பழையது வாங்குவோருக்கு ஒரு நுணுக்கம். ரைசன் 5 3600 போன்ற, ஏஎம்டியின் ஜென் 2 வடிவமைப்புப் பிராசசரை ஒதுக்க வேண்டாம். ஸ்டாக்ஃபிஷ், பிராசசரின் வகைக்கேற்பத் தனித்தனிப் பதிப்புகளாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் 'பிஎம்ஐ2' பதிப்பு ஸ்டாக்ஃபிஷை நிறுவினால் வேகம் குறையும். 'ஏவிஎக்ஸ்2' பதிப்பே பொருந்தும். 2020-இல் வந்த ஜென் 3-இல் இந்தக் குறை இல்லை.

விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு ஸ்டாக்ஃபிஷுக்குத் தேவையே இல்லை. அதன் நியூரல் நெட்வொர்க்கும் பிராசசரிலேயே ஓடுகிறது. கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தும் லீலா செஸ் ஜீரோ என்ற வேறொரு செஸ் நிரலை ஓட்டுவோர் மட்டும் கார்டுக்குச் செலவிடலாம்.

கோர்களை இரட்டித்தால் ஆட்ட வலிமையும் இரட்டிக்கும் என்று நம்பி 16 கோர் வாங்குவோரும் இருக்கிறார்கள். சாதாரணப் பிராசசரில் ஓடும் ஸ்டாக்ஃபிஷே உலகச் சாம்பியனை வீழ்த்தும். மாவட்டப் போட்டி ஆடும் பிள்ளைக்கு ஆறு கோர் தாராளம். மிச்சப் பணத்தைப் பயிற்சியாளருக்குக் கொடுங்கள்.

ரேமை மறக்க வேண்டாம். 8 ஜிபி உள்ள கணினியில் ஹாஷ் அளவை (அலசிய நிலைகளை நினைவில் வைக்க நிரலுக்கு ஒதுக்கும் ரேமை) 4 ஜிபிக்குள் வையுங்கள். இருப்பது முழுவதையும் கொடுத்தால் விண்டோஸ் ரேமிலிருந்து டிஸ்க்குக்குத் தாவும். எவ்வளவு நல்ல பிராசசரும் அங்கே திணறிப்போகும்.