சூப்பர் மாரியோ ஆட்டங்களைத் தரவரிசைப்படுத்தும் முறை

1985-இல் வெளியான சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முதல் 2023-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர் வரையிலான வீடியோ கேம் ஆட்டங்களில் எது சிறந்தது என்று கேட்டால், பெரும்பாலோர் தாம் முதலில் ஆடியதையே சொல்வார்கள். தொண்ணூறுகளில் டிவி கேம் பெட்டியில் கேசட்டைச் செருகி ஆடிய நம்மில் பலருக்கு முதல் மாரியோவின் மீதுள்ள பற்று அத்தகையதுதான். அந்தப் பற்றில் தவறில்லை. ஆனால் அதை வைத்து வரிசை போட முடியாது. வரிசை போட விரும்புபவர் எல்லா ஆட்டங்களையும் இன்றைய கண்ணோடு மீண்டும் ஆட வேண்டும். ஆடுவதற்கு முன்பே தம் அளவுகோல்களைத் தாளில் எழுதிவிட வேண்டும்.

முதல் வேலை எல்லை வகுப்பது. மாரியோ கார்ட் போன்ற பந்தயங்கள், பலர் கூடி ஆடும் விருந்து விளையாட்டுகள், கதைவழி ஆட்டங்கள் ஆகியவற்றை விலக்கிவிட்டு, ஓடித் தாவிக் கடக்கும் ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாரியோ மேக்கர் லெவல்களை உருவாக்கும் கருவி என்பதால் அதையும் நான் சேர்ப்பதில்லை. ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2’ என்ற பெயரில் இரண்டு ஆட்டங்கள் இருப்பதை மறந்துவிடக் கூடாது. 1986-இல் ஜப்பானில் வந்தது நச்சுக் காளான்களோடு கூடிய கடினமான தொடர்ச்சி. 1988-இல் அமெரிக்காவில் வந்தது டோக்கி டோக்கி பேனிக் என்ற வேறோர் ஆட்டத்தை மாற்றியமைத்தது. இரண்டையும் தனித்தனியாகவே மதிப்பிட வேண்டும்.

எந்தப் பதிப்பை ஆடுகிறோம் என்பதும் முக்கியம். 1993-இல் வந்த சூப்பர் மாரியோ ஆல்-ஸ்டார்ஸ் தொகுப்பில் முதல் ஆட்டத்தின் படங்கள் மெருகேறியிருந்தாலும், செங்கல்லை முட்டி உடைக்கும்போது மாரியோ கீழே திரும்பாமல் மேல்நோக்கியே தொடர்ந்து எழும்புகிறான். மூல ஆட்டத்தில் ஊறிய கைக்கு இந்தச் சிறு வேறுபாடு உடனே தட்டுப்படும். அதைப் போலவே, அனலாக் குச்சிக்காகவே (சாய்க்கும் அளவுக்கேற்ப வேகத்தை மாற்றும் குச்சி) வடிவமைக்கப்பட்ட சூப்பர் மாரியோ 64-ஐ, அந்தக் குச்சி இல்லாத டிஎஸ் என்ற கையடக்கக் கருவியின் 2004-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆடிவிட்டுக் குறை சொல்வது நியாயமாகாது.

அளவுகோல்களில் முதலாவது தாவல். பட்டனை எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அதற்கேற்ப உயரம் கூடுகிறதா, காற்றில் இருக்கும்போதே திசையைத் திருத்த முடிகிறதா, ஓடிவந்து தாவினால் அந்த வேகம் தாவலில் சேர்கிறதா என்று பாருங்கள். தவறி விழும்போது ‘என் பிழைதான்’ என்று நமக்கே தோன்றினால் அந்த ஆட்டம் தேறியது.

இரண்டாவது அளவுகோல், சொல்லாமலே கற்றுக்கொடுக்கும் திறன். இதற்கு உரைகல்லாக, ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்த முதல் ஆட்டத்தின் முதல் லெவலை நிதானமாக ஆடிப் பாருங்கள். மாரியோ இடது ஓரத்தில் நிற்க, வலப்பக்கம் வெட்டவெளியாக இருப்பதால் கால் தானாகவே வலப்பக்கம் போகிறது. எதிரே கூம்பா என்ற சிறிய பகைவன் வருகிறது. தொட்டால் உயிர் போகும், ஆனால் இழப்பது சில விநாடிகள் மட்டுமே. மேலே மின்னும் கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் ஒரு காளான் வெளிப்பட்டு வலப்பக்கம் நகர்ந்து, கீழே விழுந்து, பச்சைக் குழாயில் மோதி நம்மை நோக்கியே திரும்பி வருகிறது. அதைப் பகை என்று நினைத்து விலகப் பார்ப்பவர் தாவினாலும் தலைக்கு மேலிருக்கும் பெட்டிகள் தடுத்துவிடுவதால், பெரும்பாலும் காளானைத் தொட்டுப் பெரிதாகி, அது நல்லது என்று அறிகிறார். ஓர் எழுத்துகூட இல்லாமல் இத்தனையும் நடந்துவிடுகிறது. பிற ஆட்டங்கள் எவ்வளவு நேரத்தில், எவ்வளவு விளக்க உரையோடு இதைச் சாதிக்கின்றன என்று ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எண்ணங்களின் வளம். ஒவ்வொரு லெவலும் புதிதாக ஒன்றை அறிமுகப்படுத்தி, வளர்த்து, எதிர்பாராத விதமாகத் திருப்பிவிட்டு, சலிக்கும் முன்பே விட்டுவிட வேண்டும்.

ஒவ்வோர் ஆட்டத்திலும் தொடக்கத்தில் அரை மணி நேரம், நடுப்பகுதியில் ஓர் உலகம், இறுதியில் ஒரு கடினமான லெவல் என்று ஆடினால் பெரும்பாலும் போதும். நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடாதீர்கள். 87-க்கும் 89-க்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் நம்மாலேயே பதில் சொல்ல முடியாது. இரண்டிரண்டாக எடுத்து, இன்றிரவு ஒன்றைத்தான் ஆடலாம் என்றால் எதை எடுப்பீர்கள் என்று முடிவுசெய்து, காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். இருபரிமாண ஆட்டங்களையும் முப்பரிமாண ஆட்டங்களையும் தனித்தனியாக வரிசைப்படுத்துவது நல்லது.

இவ்வாறு செய்தபோது எனக்குக் கிடைத்த இருபரிமாண வரிசையில் முதலிடம் 1988-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3-க்குப் போனது. ஓட ஓட நிரம்பும் வேகமானியும், அது நிரம்பியதும், இலையை எடுத்ததால் மாரியோவுக்கு முளைத்த வாலை ஆட்டிப் பறப்பதும் முதல் லெவலிலேயே கைவசமாகின்றன. பகைவனின் காலணிக்குள் ஏறித் தாவிச் செல்லும் ‘குரிபோவின் காலணி’ என்ற அற்புதமான கருத்தை ஒரே ஒரு லெவலில் மட்டும் பயன்படுத்திவிட்டுக் கைவிடும் தாராளத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை. அடுத்து 1990-இன் சூப்பர் மாரியோ வேர்ல்டு, அதற்கடுத்து வொண்டர். 2006-இல் தொடங்கிய ‘நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ வரிசை ஆட்டங்கள் திருத்தமானவை, ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துச் சொல்வது கடினம் என்பதால் அவை கீழே இறங்கின.

முப்பரிமாணத்தில் 2010-இன் சூப்பர் மாரியோ கேலக்சி 2 முதலிடம் பெற்றது. 1996-இன் சூப்பர் மாரியோ 64-இல், பகைவர் எவருமில்லாத கோட்டை வெளியில் அடுத்தடுத்து மூன்று முறை தாவி உயரம் கூட்டும் மூன்றடுக்குத் தாவலைப் பழகும் இன்பம் இன்றும் குறையவில்லை. கேமராதான் பல இடங்களில் கையைக் கட்டுகிறது. 2017-இன் ஒடிசியில் தொப்பியை எறிந்து பிற உயிர்களின் உடலில் புகுவது பெரும் விருந்து, ஆனால் சேகரிக்க வேண்டிய 800-க்கும் மேற்பட்ட நிலாக்களில் பல உழைப்பின்றிக் கிடைக்கின்றன. 2002-இன் சன்ஷைனில் 240 நீல நாணயங்களைத் தேடிப் பத்துப் பத்தாகக் கொடுத்து 24 பரிசுகளைப் பெற வேண்டியிருப்பது ஒரு நல்ல ஆட்டத்தின் மீது சுமத்தப்பட்ட வீண் பாரம்.

ஆனால் கேலக்சி 2-ஐ 2007-இன் கேலக்சிக்கு மேலே வைத்ததை என் மனம் ஏற்கவில்லை. இப்படி நேரும்போது ஆட்டத்தைத் தூக்கி இடம் மாற்றிவிடாமல், எழுதாமல் விட்ட அளவுகோல் எது என்று தேட வேண்டும். எனக்கு அது லெவல்களுக்கு இடையேயுள்ள உலகமாக இருந்தது. முதல் கேலக்சியின் விண்வெளி ஆய்வகம், நாம் முன்னேற முன்னேற ஒளி பெறும் ஒரு வீடு. இரண்டாவதில் அந்த இடத்தில் இருப்பது ஒரு சிறிய விண்கலம்.

இந்த நான்காவது அளவுகோலை எழுதிய பிறகு அதை எல்லா ஆட்டங்களுக்கும் பொருத்த வேண்டியதாயிற்று. மூன்றாம் ஆட்டமான சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3-இன் எட்டு உலகங்களும் தனித்தனித் தீவுகளாக நிற்கின்றன. வேர்ல்டிலோ ஒரே நிலப்பரப்பு. மஞ்சள் சுவிட்சை மிதித்தால் எல்லா லெவல்களிலும் புள்ளிக்கோடாக இருந்த மஞ்சள் பெட்டிகள் கெட்டிப்படுகின்றன, டோனட் சமவெளியின் பேய்வீட்டில் கூரைக்கு மேலே பறந்தால் வரைபடத்தில் இல்லாத பாதை ஒன்று திறக்கிறது, லெவல்களை முடித்து வெளியேறும் 96 வாயில்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ஆகவே கேலக்சியை மேலே ஏற்றிய அதே நாளில், நான் மிகவும் நேசிக்கும் மூன்றாம் ஆட்டத்தை இரண்டாம் இடத்துக்கு இறக்கி, வேர்ல்டை முதலிடத்தில் எழுதினேன்.